சுவர் எங்கே போனது?

பாரிஸின் நடுவில் சேன் நதி இரண்டாகப் பிரிந்து ஒரு சிறு தீவை அணைத்துக்கொண்டு ஓடுகிறது. சித்தே தீவு என்று அதற்குப் பெயர். தீவின் கிழக்குப் பக்கம் உலகமே அறிந்த நோத்ர தாம் பேராலயம். அங்கிருந்து மேற்கே சில நிமிட நடையில் நீதிமன்ற வளாகம். சேன்ட் ஷப்பெல் என்கிற சிற்றாலயத்தைப் பார்க்க வேண்டுமானால் இந்த நீதிமன்ற வளாகத்துக்குள்தான் போயாக வேண்டும். வழக்குக்கு வந்தவர்போல வரிசையில் நின்று, பையைச் சோதனைக்குக் கொடுத்து, உள்முற்றத்துக்கு வந்தால், சுற்றிலும் அரசுக் கட்டடங்கள் நெருக்க, ஒடுங்கி உயர்ந்த ஒரு கல் கட்டடம் நிற்கும். இதற்கா இவ்வளவு கூட்டம் என்று தோன்றும்.

உள்ளே போனதும் அந்தச் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது. முதலில் வருவது கீழ்த்தளம். கைக்கெட்டிவிடுமோ என்று நினைக்க வைக்கும் தாழ்ந்த கூரை. அதில் நீலப் பின்னணியில் பொன்னிற லில்லிப் பூக்கள். ஒரு காலத்தில் அரண்மனை ஊழியர்கள் வழிபட்ட இடம் இது. இன்று நினைவுப் பொருள் கடையும் இங்கேதான். மூலையில் குறுகலான ஒரு திருகுப் படிக்கட்டு. கல்லை உரசிக்கொண்டு, இருட்டில், முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தபடி ஏற வேண்டும்.

மேலே வந்தவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: கடைசிப் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். பின்னால் வருகிறவர் முதுகில் மோதுகிறார். அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, அண்ணாந்து பார்த்து, அப்படியே நின்றுவிடுகிறார்.

அங்கே சுவர் இல்லை. ஏறக்குறைய 33 மீட்டர் நீளம், 10.7 மீட்டர் அகலம், 20.5 மீட்டர் உயரம் கொண்ட ஒரு கூடம். மூன்று பக்கமும் ஆளுயரத்துக்கு மேலிருந்து கூரை தொடங்கும் இடம் வரை வண்ணக் கண்ணாடி. மொத்தம் 15 சாளரங்கள். பெரியவை சுமார் 15 மீட்டர் உயரம், அதாவது நான்கைந்து மாடி. சாளரங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து 1,113 விவிலியக் காட்சிகள். சாளரத்துக்கும் சாளரத்துக்கும் நடுவே மூங்கில் கொத்துபோல மெல்லிய தூண்கள். அவ்வளவுதான். அதற்கு மேலே கல்லால் வளைத்துக் கட்டிய கனத்த கவிகை, விண்மீன் தீட்டிய நீல வானமாகத் தொங்குகிறது.

அழகில் மயங்கி நிற்பது முதல் ஐந்து நிமிடம். ஆறாவது நிமிடத்தில் ஒரு கொத்தனார் கேட்கிற கேள்வியை நாமும் கேட்கலாம். கவிகை கல். கல் கனம். கண்ணாடி எதையும் தாங்காது. அப்படியென்றால் இந்தக் கூரையை யார் தாங்குகிறார்கள்?

கட்டியவர்கள் அதற்கான விடையை நம் கண்ணெதிரே வைத்துவிட்டு, நாம் பார்க்காதபடியும் செய்திருக்கிறார்கள்.

*

எதற்காகக் கட்டினார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தின் வடிவமே அதிலிருந்துதான் பிறந்தது.

பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி ஆழ்ந்த பக்திமான். இறந்தபின் 1297இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. கான்ஸ்டான்டிநோபிளை அப்போது ஆண்டுகொண்டிருந்த லத்தீன் பேரரசர் இரண்டாம் பால்ட்வினோ பெரும் கடனாளி. இயேசுவின் தலையில் சூட்டப்பட்டதாக நம்பப்பட்ட முள்முடி அவர் வசம் இருந்தது. அதையும் வெனிஸ் வணிகர்களிடம் அடகு வைத்திருந்தார்கள். லூயி கடனை அடைத்து அதை மீட்டார். 1239 ஆகஸ்டில் முள்முடி பிரான்ஸ் வந்து சேர்ந்தபோது, அரச உடையைக் களைந்து, வெறுங்காலுடன் அதைச் சுமந்து நடந்தார்.

முள்முடிக்கு அன்றைய பிரெஞ்சு நாணயத்தில் 1,35,000 லீவ்ர் செலவானதாகக் கணக்கு. அதை வைக்க எழுப்பிய சேன்ட் ஷப்பெல்லுக்கு 40,000 லீவ்ர். பொருளின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, கட்டடத்தின் விலை! இதைத் தெரிந்துகொண்டால் கட்டடக் கலைஞர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்பது விளங்கும். திருப்பண்டங்களை வைக்கும் பேழைகளை அந்தக் காலப் பொற்கொல்லர்கள் பொன், எனாமல், மணிக்கற்களால் இழைத்தார்கள். அப்படி ஒரு பேழையை மனிதர்கள் உள்ளே நடமாடும் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும் என்பதுதான் இங்கே வேலை. பேழைக்குத் தடித்த சுவர் இருக்கக் கூடாது, பளபளப்புதான் வேண்டும். யார் அந்தக் கலைஞர் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. பியேர் தெ மோந்த்ரேய் என்று மரபாகச் சொல்வார்கள். 1248 ஏப்ரல் 26 அன்று சிற்றாலயம் அருட்பொழிவு செய்யப்பட்டது. வேலை தொடங்கி ஏழெட்டு ஆண்டுகூட ஆகவில்லை. பேராலயங்கள் தலைமுறை தலைமுறையாக எழும்பிய காலத்தில் இது மின்னல் வேகம்.

*

இப்போது கூரைக்கு வருவோம். ஒரு பூமாலையை எடுத்து இரண்டு முனைகளையும் இரு கைகளில் பிடித்துத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். கைக்குச் சிரமமே இல்லை. இப்போது கைகளை விலக்கி, மாலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கப் பாருங்கள். மாலையின் எடை கூடவில்லை; ஆனால் கைகளை உள்நோக்கி இழுக்கும் விசை ஏறிக்கொண்டே போகும். முழுக்க நேராக்க முயன்றால் நார் அறுந்துவிடும்.

தொங்கும் மாலையைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல நினைத்துக்கொண்டால் அதுதான் வளைவு. மாலையில் இழுவிசை இருந்த இடத்தில் வளைவில் அழுத்தம் இருக்கும். மாலை கையை உள்ளே இழுத்தது. வளைவு தன் கால்களை வெளியே உதைக்கும். ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1675இல் இந்த உண்மையைக் கண்டு, வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாதென்று எழுத்துகளைக் குலைத்துப் புதிராக ஒரு நூலின் கடைசியில் அச்சிட்டார். சேன்ட் ஷப்பெல்லின் கொத்தனார்கள் ஹூக்குக்கு நானூறு ஆண்டு முந்தியவர்கள். சூத்திரம் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் தளர்ந்த மாலைக்குக் கை வலிக்காது என்பது தெரியும்: வளைவு எவ்வளவு உயர்ந்து கூராகிறதோ அவ்வளவுக்கு உதைப்பு குறையும். ரோமானியர் கட்டிய அரைவட்ட வளைவைவிடக் கோதிக் கூர்வளைவு சாதகமானது இதனால்தான். கண்ணை வானத்துக்கு இட்டுச் செல்கிறது, தெய்விகம் என்றெல்லாம் சொல்வார்கள். சொல்லட்டும். கொத்தனாருக்கு அது உதைப்பைக் குறைக்கும் வழி.

கவிகையின் அமைப்பு இன்னொரு உதவி செய்கிறது. கூர்வளைவுகள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்வதால், கூரையின் எடை சுவர் நெடுகப் பரவாமல் மூலைகளில் குவிகிறது. நான்கு கால் கட்டில்போல. கட்டில் கால்களுக்கு நடுவே என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டில் நிற்கும். அதுபோல இந்த மூலைகளுக்கு நடுவே உள்ள சுவர் வேலையற்றதாகிவிட்டது. வேலையற்றதை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தார்கள்.

சரி, மூலைகளில் குவிந்த உதைப்பு எங்கே போகிறது? வெளியே. முற்றத்துக்கு இறங்கிப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும்: உள்ளே மூங்கில் கொத்தாகத் தெரிந்த ஒவ்வொரு தூணுக்கும் பின்னால், வெளிப்புறம் கட்டடத்துக்குச் செங்குத்தாகத் துருத்திக்கொண்டு ஒரு கனத்த முட்டுச்சுவர் நிற்கிறது. சுவர் காணாமல் போகவில்லை. துண்டு துண்டாக்கி, தொண்ணூறு பாகை திருப்பி, வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நிற்பவர் ஒவ்வொரு துண்டின் ஒடுங்கிய முனையை மட்டும்தான் பார்க்கிறார். அதையும் சிறு சிறு தண்டுகளாகச் செதுக்கி, கனமே இல்லாததுபோல் காட்டியிருக்கிறார்கள். கோதிக் கட்டடக்கலையின் புகழ்பெற்ற பறக்கும் முட்டுகள், அதாவது பக்கவாட்டில் பாலம்போல் தாவி வந்து சுவரைத் தாங்கும் வளைவுகள், இங்கே வெளியே இல்லை. கூடம் அகலம் குறைவு, தேவைப்படவில்லை.

முட்டுச்சுவர்களின் உச்சியில் ஊசிபோன்ற கல் முடிகள் இருக்கின்றன. அலங்காரம் என்று கடந்துபோய்விடுவோம். பக்கவாட்டில் வரும் உதைப்பின் மேல் செங்குத்தாக எடையை ஏற்றினால், இரண்டும் சேர்ந்த விசை கீழ்நோக்கித் திரும்பும். கூட்டத்தில் யாராவது தள்ளும்போது தோளில் மூட்டை வைத்திருப்பவர் எளிதில் சாயமாட்டார் இல்லையா, அதே சங்கதி.

கல் நொறுங்காதா என்று கேட்கலாம். கேம்பிரிட்ஜ் பொறியாளர் ஜாக் ஹேமன் இதைக் கணக்கிட்டார். நடுத்தரமான மணற்கல்லை ஒரே பருமனில் அடுக்கிக்கொண்டே போனால், தன் எடையால் அடிக்கல் நொறுங்க ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உயரம் வேண்டும். எந்தப் பேராலயமும் அதன் பக்கத்தில்கூட வராது. கல் கட்டடத்தில் வலிமை ஒரு பிரச்சினையே இல்லை, நிலைகொள்வதுதான் பிரச்சினை. விசை செல்லும் பாதை கல்லுக்குள்ளேயே இருக்கும்வரை கட்டடம் நிற்கும். பாதை கல்லை விட்டு வெளியே போனால் சரியும். போவே நகரில் பேராலயம் கட்டியவர்கள் கவிகையை 48 மீட்டருக்குத் தூக்கினார்கள். 1284இல் அதில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

*

இதுவரை சொன்னது எந்தக் கோதிக் ஆலயத்துக்கும் பொருந்தும். சேன்ட் ஷப்பெல்லுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. அது கல்லும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

மேல்தளத்தின் சாளரம் ஒன்றின் அருகே போய், படங்களைப் பார்க்காமல் படங்களுக்கு நடுவே பாருங்கள். கண்ணாடித் துண்டுகளைப் பிணைக்கும் மெல்லிய கருங்கோடுகள் ஈயம். அவற்றைத் தாங்கும் தடித்த குறுக்குப் பட்டைகள் இரும்பு. சாளரம் என்று ஒன்று இருந்தால் காற்றுக்கு வளையாமலிருக்க இரும்புப் பட்டை வேண்டும். எல்லா ஆலயத்திலும் உண்டு. அதனால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இங்கே அந்தப் பட்டைகளில் சில சாளரச் சட்டத்தோடு நிற்கவில்லை. தூணுக்குள் புகுந்து, மறுபக்கம் வெளிப்பட்டு, அடுத்த சாளரத்தைக் கடந்து, அடுத்த தூணுக்குள் புகுந்து, மேல்தளம் முழுவதையும் சுற்றி வருகின்றன. பீப்பாயைச் சுற்றிய இரும்பு வளையம்போல. வெவ்வேறு உயரத்தில் இப்படி இரண்டு வளையங்கள். கவிகைக்கு மேலே, வெளியே தெரியாத கூரை இடுக்கிலும் இரும்பு இணைப்புகள் உண்டு.

நம்முடைய ஆறாவது நிமிடக் கேள்விக்கு விடையின் மறுபாதி இதுதான். உதைக்கும் தூண்களை இரும்பு இழுத்துப் பிடித்திருக்கிறது. நாம் சாளரக் கம்பி என்று நினைத்துப் பார்த்த பொருள்தான் கட்டடத்தின் இடுப்புக்கயிறு. எனக்கு இந்தச் சிற்றாலயத்தில் மிகவும் பிடித்தது இந்தக் கள்ளத்தனம்தான். ஒளித்து வைப்பதற்குத் தூணின் உள்ளே, தரையின் அடியில் என்று எத்தனையோ இடம் உண்டு. இவர்களோ எல்லோரும் பார்க்கிற இடத்தில், பார்த்தாலும் கேள்வி கேட்காத உருவத்தில் ஒளித்து வைத்தார்கள்.

இடைக்காலத்தில் இரும்பு மலிவான பொருள் அல்ல. தாதுவை மரக்கரியோடு சிறு உலையில் சுட்டு, உருகாத நிலையிலேயே பஞ்சுபோல் கிடைக்கும் இரும்பைச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கசடை வெளியேற்ற வேண்டும். அப்படிச் செய்த பட்டைகளை ஒன்றோடொன்று கொக்கி மாட்டி, கல்லில் குழி வெட்டி, உருக்கிய ஈயத்தை ஊற்றிப் பதித்தார்கள். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும். கட்டுமான இடத்திலேயே வேலை முடிந்துவிடும். இரும்பில் காற்றும் ஈரமும் படாமல் ஈயம் ஓரளவு காக்கும். காக்கத் தவறினால் வினைதான். துருப்பிடித்த இரும்பு பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கல்லையே பிளந்துவிடும். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பவர்கள் கல்லின் விரிசலைப் பார்த்ததும் உள்ளே இரும்பு இருக்கிறதா என்று தேடுவது இதனால்தான்.

கோதிக் கட்டடங்களில் இரும்பின் பங்கைப் பின்னாளைய ஒட்டுவேலை என்று நெடுநாள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். நோத்ர தாம் பேராலயம் 2019இல் தீப்பற்றியபோது கட்டடத்தின் உட்பகுதிகள் திறந்துகொண்டன. கற்களை இணைக்கும் இரும்புக் கவ்விகள் நூற்றுக்கணக்கில் கண்ணுக்குத் தெரிந்தன. அவற்றின் வயதை அறிய ஆய்வாளர்கள் கையாண்ட முறை அழகானது. இரும்புக்கு வயது சொல்ல முடியாது. ஆனால் தாதுவைச் சுட்ட உலையில் எரிந்தது மரக்கரி. அந்தக் கரியிலிருந்து துளித்துளியாகக் கார்பன் இரும்புக்குள் தங்கிவிடும். அதைப் பிரித்தெடுத்துக் கார்பன்-14 சோதனை செய்தால், மரம் வெட்டப்பட்ட காலம் தெரியும். 2023இல் வெளியான முடிவு: 1160களில், கட்டுமானம் தொடங்கிய கட்டத்திலேயே, நோத்ர தாமில் இரும்பு இருந்தது. சேன்ட் ஷப்பெல்லின் கொல்லர்கள் திடீரென்று முளைத்தவர்கள் அல்ல. இதே தீவில் மூன்று தலைமுறை அனுபவம் அவர்களுக்கு முன்னால் இருந்தது.

போவே பேராலயத்தில் நடந்த இன்னொரு கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே முட்டுகளுக்கிடையே இரும்புக் கம்பிகள் ஓடின. 1960களில், இவை தோற்றத்தைக் கெடுக்கின்றன என்று முடிவு செய்து அகற்றினார்கள். காற்றடித்தபோது கட்டடம் ஆடத் தொடங்கியது. அவசர அவசரமாக எஃகுக் கம்பிகளை மாட்டினார்கள்.

*

இனி கண்ணாடி. 600 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பு.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோபிலஸ் என்ற பெயரில் ஒரு துறவி கைவினை நூல் ஒன்றை எழுதினார். கண்ணாடிக்கு அவர் தரும் பக்குவம் சமையல் குறிப்புபோல எளிமையானது: பீச் மரச் சாம்பல் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. மணல்தான் கண்ணாடியின் உடல். ஆனால் மணலைத் தனியாக உருக்க 1,700 பாகை வேண்டும். விறகு அடுப்பில் நடக்காது. சாம்பலில் உள்ள பொட்டாசியம் உருகுநிலையை இழுத்துக் குறைக்கிறது. ரோமானியர் இதற்கு எகிப்திலிருந்து வந்த சோடா உப்பைப் பயன்படுத்தினார்கள். வட ஐரோப்பாவுக்கு அது எளிதில் கிடைக்கவில்லை. காடு இருந்தது, காட்டை எரித்தார்கள். இந்தச் சாம்பலுக்குப் பின்னால் ஒரு விலை வரப்போகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நிறங்கள் உலோகத்தால் வருகின்றன. கோபால்ட் சிறிது சேர்த்தால் நீலம். மாங்கனீசு ஊதா. செம்பு, உலையின் காற்றைப் பொறுத்து, பச்சையும் தரும் சிவப்பும் தரும். சிவப்புதான் பிடிவாதக்காரன். உலையில் ஆக்சிஜன் குறைவாக இருந்தால் செம்பு நுண்ணிய உலோகத் துகள்களாகப் பிரிந்து நிற்கும். அவை மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. இன்று நானோ தொழில்நுட்பம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதை அன்று ஊதுகுழல் பிடித்தவர்கள் கண்மதிப்பில் செய்தார்கள். ஆனால் சிவப்பின் அடர்த்தி அதிகம். முழுத் துண்டும் சிவப்பாக இருந்தால் ஒளி ஊடுருவாது, கறுப்பாகத்தான் தெரியும். ஆகவே நிறமற்ற கண்ணாடியின் மேல் சிவப்பை மெல்லிய ஏடாகப் படியவைத்தார்கள். சேன்ட் ஷப்பெல்லில் உச்சி வெயிலில் சிவப்பு நெருப்பாக எரிவதற்கு, அது அவ்வளவு மெலிதாக இருப்பதே காரணம்.

சுண்ணாம்பு பூசிய பலகையில் படத்தை வரைந்து, அதன் மேல் கண்ணாடியை வைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கோடிழுப்பார்கள். சூடு பட்ட வழியே கண்ணாடி விரிசல் விடும். ஓரத்தைக் கொறடுபோன்ற ஒரு கருவியால் கடித்துக் கடித்துச் சரிசெய்வார்கள். முகம், விரல், உடை மடிப்பு ஆகியவற்றைத் தீட்ட உலோகத் தூளும் அரைத்த கண்ணாடியும் கலந்த கரும்பழுப்பு மை. குழைக்க எது உகந்தது? திராட்சை மது, இல்லையென்றால் சிறுநீர் என்கிறார் தியோபிலஸ். புனிதர்களின் கண்ணும் மூக்கும் அப்படித்தான் வந்தன. தீட்டியபின் மறுபடி சூளையில் வைத்தால் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

இத்தனை பாடுபட்டு வரைந்த 1,113 காட்சிகளையும் கீழே நிற்பவர் பார்க்க முடியுமா? நல்ல கண்பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 15 மீட்டர் தொலைவுக்கு அது 4 மில்லிமீட்டர் சொச்சம். அதைவிட நெருக்கமாக உள்ள கோடுகள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது. மேல் வரிசையில் இருக்கும் அரசரின் புருவம் கீழே நிற்கும் அரசருக்குத் தெரிந்திருக்காது. எழுத்தறியாதவர்களுக்கான விவிலியம் என்று வண்ணச் சாளரங்களைப் பற்றி அடிக்கடி சொல்வதுண்டு. இந்தச் சிற்றாலயத்தைப் பொறுத்தவரை எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மேல்தளத்துக்கு வந்தவர்கள் அரசரும் அவரைச் சேர்ந்தவர்களும், கல்லாதவர்கள் அல்ல. காட்சிகளோ எட்டாத உயரத்தில். படிப்பதற்கு வைத்ததாக இருந்தால் இப்படி வைத்திருக்கமாட்டார்கள். நீலமும் சிவப்பும் கலந்து அறை முழுவதும் ஊதா மிதப்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஓரங்களில் திரும்பத் திரும்ப வரும் லில்லிப் பூவும் கோட்டையும்கூட அந்த நிறத்தோடு கரைந்துவிடுகின்றன. பூ பிரான்ஸ் அரசின் சின்னம். கோட்டை லூயியின் தாய், காஸ்தீல் நாட்டு பிளான்ஷின் சின்னம். இயேசுவின் முள்முடிக்குக் கட்டிய இடத்தில் அம்மாவின் முத்திரை இத்தனை முறை!

மேற்குப் பக்கத்து வட்டச் சாளரம் மட்டும் வேறு காலம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைத்தது. அதில் வெளிச்சம் தாராளமாக இருக்கும்; பொன்மஞ்சள் மிதக்கும். வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சுட்டு மஞ்சள் பெறும் வித்தை 14ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. லூயியின் கைவினைஞர்களுக்கு அது கிடையாது. ஒரே அறையில் நின்று, கிழக்கிலிருந்து மேற்கே திரும்பினால் வேதியியலில் இருநூறு ஆண்டு கடந்துவிடலாம்.

*

சாம்பலின் விலைக்கு வருகிறேன். இன்றைய சாளரக் கண்ணாடியில் மணலின் சாரமான சிலிக்கா நூற்றுக்கு எழுபதுக்கு மேல். சாம்பல் கண்ணாடியில் அது பாதியைச் சற்றுத் தாண்டினாலே அதிகம். மீதி பொட்டாசியமும் சுண்ணமும். தண்ணீர் பட்டால் பொட்டாசியம் கசிந்து வெளியேறும். அந்த இடத்தில் நீரின் ஹைட்ரஜன் புகுந்துகொள்ளும். வெளியேறிய உப்புகள் நகரப் புகையிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து ஜிப்சம் போன்ற வெள்ளைப் பொருக்காகப் படியும். பொருக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும்; அடியில் குழி விழும்; குழியில் மேலும் ஈரம். நிலக்கரிப் புகை சூழ்ந்த 19ஆம் நூற்றாண்டில் இது விரைந்தது. கூட்டம் பெருகிய காலத்தில் உட்பக்கமும் ஆபத்து வந்தது. மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் வியர்த்து நிற்கும். முகங்கள் தீட்டியிருப்பது உட்பக்கத்தில்தான்.

இங்கே ஒரு பழைய கட்டுக்கதையையும் தீர்த்துவிடுகிறேன். கண்ணாடி உண்மையில் திரவம், அதனால்தான் பழைய சாளரங்களில் கீழ்ப்பகுதி தடித்திருக்கிறது என்று பள்ளிகளில்கூடச் சொல்கிறார்கள். பழைய கண்ணாடி சீரற்ற தடிமனில் வந்ததற்கு ஊதிச் செய்ததே காரணம். இடைக்காலக் கண்ணாடியின் கலவையையே மறுபடி உருவாக்கி அதன் பாகுநிலையை அளந்த ஓர் ஆய்வு, அறை வெப்பத்தில் அது நூறு கோடி ஆண்டில் ஒரு நானோமீட்டர் அளவுக்குத்தான் வழியும் என்று காட்டியது. கண்ணாடி வழிந்து கெடுவதில்லை. நனைந்து கெடுகிறது.

மனிதர்கள் கெடுத்தது தனி. பிரெஞ்சுப் புரட்சியில் திருப்பண்டப் பேழை உருக்கப்பட்டது. கூரை உச்சியிலிருந்த ஊசிக்கோபுரம் இறக்கப்பட்டது. 1803 முதல் மேல்தளம் நீதித்துறை ஆவணக் கிடங்கு. கோப்பு அலமாரிகளை நிறுத்த இடம் வேண்டும், கோப்பைப் படிக்க வெளிச்சம் வேண்டும். அதனால் சாளரங்களின் கீழ் இரண்டு மீட்டரைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். குமாஸ்தாக்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஊதா வெளிச்சத்தில் கோப்பு பார்ப்பது எளிதல்ல. கழற்றிய துண்டுகள் கைமாறிக் கைமாறிச் சென்றன. சில இன்று லண்டனின் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, சில அமெரிக்காவின் பிலடெல்பியாவில்.

1830களின் இறுதியில் மீட்புப் பணி தொடங்கியது. துய்பான், லஸ்ஸுஸ், வியொலே லெ துக் ஆகிய மூன்று கட்டடக் கலைஞர்களின் கை அதில் உண்டு. இன்று நாம் பார்க்கும் ஊசிக்கோபுரம் 1850களில் தேவதாரு மரத்தில் லஸ்ஸுஸ் எழுப்பியது. சாளரங்களைச் சீர்செய்யப் போட்டி வைத்து ஆன்ரி ஜெராந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் 1849இல் காலராவுக்குப் பலியாக, வேறொருவர் முடித்தார். கண்ணாடியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இன்னும் 13ஆம் நூற்றாண்டினது. எது பழையது எது புதியது என்று சாதாரணக் கண்ணுக்குப் பிடிபடாது.

2008இலிருந்து 2015வரை நடந்த பணிக்கு ஒரு கோடி யூரோ ஆனது. துண்டு துண்டாகக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பொருத்தினார்கள். வெளிப்பக்கம் இரண்டாவதாக ஒரு நிறமற்ற கண்ணாடியை நிறுத்தினார்கள். மழையும் புகையும் இனி அதன் மேல்தான். இரண்டுக்கும் இடையில் காற்று ஓடுவதால், பழைய கண்ணாடியின் இருபுறமும் வெப்பம் ஒன்றுபோல இருக்கும், வியர்ப்பதும் குறையும். புதுக் கண்ணாடி தட்டையாக இருந்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கடை ஷோகேஸ்போல மின்னும். அதனால் சூளையில் இளக்கி, பழைய சாளரத்தின் மேடுபள்ளங்களை அதில் அச்செடுத்திருக்கிறார்கள். மழைக்கோட்டையும் உடம்பின் அளவெடுத்துத் தைத்ததுபோல.

*

கோடையில் இந்த மேல்தளத்தில் மாலை நேர இசைக் கச்சேரிகள் நடக்கின்றன. கச்சேரிக்குச் சீட்டு வாங்குகிறவர்களுக்குப் பகலில் வருகிறவர்கள் பார்க்காத ஒன்று கிடைக்கிறது.

பொழுது சாயும்போது சிவப்பு முதலில் அணைகிறது. நம் கண்ணில் பகல் வெளிச்சத்துக்கு வேலை செய்யும் செல்கள் வேறு, மங்கலில் வேலை செய்யும் செல்கள் வேறு. பின்னவற்றுக்குச் சிவப்பு பிடிபடாது. நீலத்தை அடுத்த ஒளியில்தான் அவை கூர்மையானவை. செக் அறிவியலாளர் பூர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தி நேரத் தோட்டத்தில் செம்பூக்கள் இலைகளுக்கு முன்னால் கறுத்துப்போவதைக் கவனித்து இதைச் சொன்னார். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் அரசர்களின் சிவப்பு அங்கிகள் கரியாகிவிடும். நீலம் மட்டும் தனியாக, பகலைவிடக் கூடுதலாக ஒளிர்வதுபோல நிற்கும். பிறகு அதுவும் சாம்பல் நிறமாகி மங்கும். காட்சிகள் போகும், நிறம் போகும், தூண்களும் இருளில் போகும். கடைசியாக, இன்னும் வெளிறிக்கிடக்கும் வானத்தின் எதிரே, தூணிலிருந்து தூணுக்குக் குறுக்கே ஓடும் கறுத்த இரும்புப் பட்டைகள் மட்டும் தெரியும்.